ஆறு மாதக் காவல்

1871-ஆம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறிய வங்கி விடுமுறைச் சட்டத்தினால், ஈஸ்டருக்கு மறுநாளான திங்கட்கிழமையும் ஆகஸ்டு மாதத்து முதல் திங்கட்கிழமையும் வேறு இரண்டு நாட்களும் இங்கிலாந்துக்கு ஓய்வு நாட்களாக விதிக்கப்பட்டபோது, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஸர் ஜான் லப்பக்கின் பெயரை நன்றியோடு நினைத்த லண்டன் குமாஸ்தாக்கள், ஆகஸ்டுத் திங்கட்கிழமைக்கு ‘புனித லப்பக் திருநாள்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். வங்கி முதலாளியாகவும் விஞ்ஞானியாகவும் விளங்கிய இதே லப்பக், வான் என்ற பெயருடைய தம் கறுப்புப் பூடில் நாய்க்கு எழுத்துப் பழக்க முயன்றவர் என்பது அவ்வளவாக யாரும் அறியாத செய்தி. கெட்டி அட்டைகளில் ‘உணவு’, ‘எலும்பு’, ‘தேநீர்’, ‘வெளியே’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரையில் பரப்பிவைத்து, நாய்க்கு எது வேண்டுமோ அந்த அட்டையைக் கவ்வி வரும்படி அவர் மாதக்கணக்கில் பொறுமையாகப் பயிற்றினார். ‘வெளியே’ என்ற அட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததும் வான் வாசற்கதவை நோக்கி ஓடுமாம்.

மனிதர்களுக்கு விடுமுறையைச் சட்டமாக்கிக் கொடுத்தவரே நாயின் வெளியூர் ஆசைக்கும் சாட்சியாக இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அதற்கு அடுத்து வந்த நூறு வருஷங்களின் சரித்திரம் என் மனத்தை உறுத்துகிறது. ஏனெனில், அந்தத் தீவில் விடுமுறை நாட்கள் பெருகிக்கொண்டே போன காலமும், நாயை அழைத்துக்கொண்டு கடல் கடந்து போய்த் திரும்புவது அசாத்தியமாகிவிட்ட காலமும் ஒன்றே.

நாய் வளர்த்தவர்களுக்கு ஊருக்குப் புறப்படுவதன் சங்கடத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும் சப்தம் கேட்ட மாத்திரத்தில் அது பெட்டிக்கும் வாசற்படிக்கும் நடுவே வந்து படுத்துக்கொள்ளும். சோற்றுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வண்டி தெருமுனை திரும்பும் வரையில் ஓடிவந்து, அங்கே நின்றுவிடும். அந்தப் பிரிவு எங்களுக்குப் பத்து நாட்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கோ, அயல்நாட்டிலிருந்து நாயோடு திரும்புகிறவர் எவராயிருந்தாலும், அது ஆறு மாதம் என்று சட்டமே தீர்மானித்து வைத்திருந்தது.

இந்தச் சட்டம் கொடுமையிலிருந்து பிறந்ததல்ல, பயத்திலிருந்து பிறந்தது. அந்தப் பயமும் நியாயமான பயம். வெறிநாய்க்கடி என்று நாம் சொல்லும் ரேபிஸ், அறிகுறி தோன்றிய பிறகு அநேகமாக யாரையும் உயிரோடு விடுவதில்லை. தாகத்தால் தவித்தும் தண்ணீர்க் குவளையைக் கண்ட அளவில் தொண்டை இறுகி நடுங்குகிற அந்த மரணத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். 1877-இல் மட்டும் இங்கிலாந்தில் 79 பேர் இவ்வியாதியால் மாண்டார்கள். 1885-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர், ஜோஸப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் மருந்தை முதன்முதலாக ஊசி மூலம் ஏற்றிக் காப்பாற்றினார். ஆயினும் அந்த மருந்து கடிபட்ட மனிதனுக்குத்தான் உதவிற்றே தவிர, நோயைச் சுமந்து தெருவில் திரியும் நாயை ஒன்றும் செய்யவில்லை.

பிரிட்டன் ஒரு தீவாக இருப்பதன் பயனைத் திடமாக எடுத்துக்கொண்டவர் வால்ட்டர் லாங் என்ற விவசாய மந்திரி. உள்நாட்டு நாய்களுக்குச் சில காலம் வாய்க்கூடு மாட்டிவிட்டு, வெளிநாட்டு நாய்கள் நுழையும் துறைமுகங்களையும் அடைத்துவிட்டால் நோய் தானே மடிந்துபோகும் என்பது அவருடைய கணக்கு. நாய் வளர்ப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், பொதுக்கூட்டங்கள் நடந்தன, 1891-இல் தோன்றியிருந்த நாய்ப் பாதுகாப்புச் சங்கம் வாய்க்கூட்டைச் சித்திரவதை என்று கண்டித்தது. லாங் அசையவில்லை. நாய்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் உத்தரவு 1897-இல் பிறந்தது. 1901-இல் அது ஆறு மாதக் காவலாக நிலைபெற்றது. 1902-இல் தீவில் வெறிநாய் இல்லையென்று அறிவிக்க முடிந்தது. அந்த மந்திரியை அன்று நிந்தித்தவர்களில் எத்தனை பேருடைய குழந்தைகள் அவருடைய பிடிவாதத்தினால் உயிர் பிழைத்தார்களோ, யார் அறிவார்! என் அபிப்பிராயத்தில் அவர் செய்தது சரியே. அதற்குரிய விலையை நாயும் அதன் எஜமானுமே செலுத்தினார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இந்தக் காவலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் குவாரண்டைன் என்ற சொல் தமிழர்களுக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்கள் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பிற்பாடு மண்டபம் காம்ப்பிலும் நாட்களை எண்ணிக்கொண்டு தங்கியிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அது நாட்கணக்கு, நாய்களுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கு என்றால், இந்நோயின் விஷம் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பெரும்பாலான நாய்களில் ஆறு மாதத்துக்குள் நோய் வெளிப்பட்டுவிடும் என்பதே அந்தக் கெடுவுக்கு ஆதாரம். துறைமுகத்தில் இறங்கியவுடனே அங்கீகாரம் பெற்ற முகவர் ஒருவர் நாயைக் கூண்டில் வாங்கிக்கொண்டு போய், சர்க்கார் ஒப்புக்கொண்ட கொட்டிலில் சேர்ப்பார். ஒவ்வொரு நாய்க்கும் தனியறை. மற்றொரு நாயின் மூக்கோடு மூக்கு உரசக்கூடாது. ஒரு கால்நடை வைத்தியர் மேற்பார்வை செய்வார். சொந்தக்காரர் குறித்த நேரத்தில் வந்து பார்த்துப் போகலாம். செலவு முழுவதும் சொந்தக்காரருடையது. லண்டனுக்குத் தெற்கே அந்நாளில் ஸர்ரே ஜில்லாவிலிருந்த ஹாக்பிரிட்ஜ் கொட்டில்கள் இந்தத் தொழிலில் மிகவும் பெயர்பெற்றிருந்தன.

சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு இந்த உத்தரவின் உறைப்பு நன்றாகத் தெரியும். கோடையில் உதகமண்டலத்துக்குப் போகும்போது ஸ்பானியலையும் டெரியரையும் அவர்கள் தாராளமாக அழைத்துப் போனார்கள். மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியபின் அந்தப் பிரயாணம் இன்னும் சுலபமாயிற்று. ஆனால் பர்லோ எனப்பட்ட நீண்ட லீவில் சீமைக்குப் போவதென்றால் கதை வேறு. பல மாத லீவில் ஆறு மாதத்தை நாய் கொட்டிலிலேயே கழித்தாக வேண்டும். வெளிவந்த சில வாரங்களில் எஜமானர் மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். ஆகவே நண்பர்கள் வீட்டிலோ பட்லரின் பொறுப்பிலோ நாயை விட்டுவிட்டுப் போவதே வழக்கமாயிற்று. அவர்கள் ஆண்டுதோறும் கடந்து சென்ற அதே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டதும் நாய்க்கடியினால்தான். ஐந்து வருஷங்களுக்கு முன் ஓர் ஆங்கிலப் பெண்மணி இந்நோயால் இறந்தபோது, இந்தியாவில் மருந்து கிடைக்கும் இடம் நெடுந்தூரத்திலுள்ள இமயமலைச் சாரலான கசௌலி ஒன்றே. அந்தத் துக்கத்திலிருந்து எழுந்த நிலையம், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடை உதவியோடு, இன்றளவும் எத்தனையோ ஏழைக் குடியானவர்களின் உயிரைக் காத்து வருகிறது.

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், பிரான்ஸ் தேசத்துப் பதுங்கு குழிகளில் தங்களோடு கிடந்த நாய்களைப் பிரிய மனமில்லாத சிப்பாய்கள் சிலர், அவற்றை மறைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அந்த அன்பின் மூட்டையில் நோயும் வந்து இறங்கிவிட்டது. 1918 தொடங்கி 1922 வரையில் தென்மேற்கு ஜில்லாக்களான டெவன், கார்ன்வால் முதலிய பிரதேசங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட மிருகங்களுக்கு ரேபிஸ் கண்டது. அதன்பிறகு ஆறு மாதக் காவலைப் பற்றி முணுமுணுக்கவும் ஆட்கள் தயங்கினார்கள்.

இந்தச் சரித்திரத்தில் என் மனம் அதிகமாகத் தங்குவது 1938-ஆம் வருஷத்தில். சம்பளத்தோடு விடுமுறை பெறும் உரிமையைத் தொழிலாளர்களுக்கு அளிக்க முற்பட்ட சட்டம் பிரிட்டனில் நிறைவேறிய வருஷம் அது. அதே வருஷம் ஜூன் மாதத்தில், நாஜிகள் கைப்பற்றிய வியன்னா நகரத்தைவிட்டு, மனப்பகுப்பாய்வு முறையின் பிதாவாகிய ஸிக்மண்ட் பிராய்ட், 82-ஆவது வயதில், தாடையில் புற்றுநோயோடு, குடும்பத்துடன் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். கூடவே லுன் என்ற சௌ இனத்துப் பெண் நாயும் வந்தது. உலகப் புகழ் பெற்ற அகதியை இங்கிலாந்து மாலை மரியாதையோடு வரவேற்றது. நாயை மாத்திரம் லாட்புரோக் குரோவ் என்ற பகுதியிலிருந்த கொட்டிலுக்கு அனுப்பிவிட்டது. ஸ்வர்க்கத்தின் வாசலில் நாயை விட்டுவிட்டு வர மறுத்த தர்மபுத்திரரின் கதையை, வில்லிபுத்தூரார் பாரதத்தை யுத்தத்தோடு நிறுத்திவிட்டமையால், நாம் உபந்நியாசகர்களின் வாயால் கேட்டே வளர்ந்தோம். தர்மபுத்திரருக்கு ‘உள்ளே வரமாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்தது. பிராய்டுக்கு அந்த இடமும் இல்லை; பின்னால் திரும்பினால் அங்கே நின்றது மரணம்.

நடமாடுவதே சிரமமாயிருந்த அந்தக் கிழவர், லண்டனை அடைந்த சில நாட்களுக்குள் கொட்டிலுக்குப் போய் லுன்னைப் பார்த்தார்; அதன் பின்னும் போனார். அந்தச் சந்திப்பைப் பத்திரிகைகளும் எழுதின. வீட்டில் வெறுமை தெரியாமலிருக்க ஜம்போ என்று ஒரு சின்னஞ்சிறு பீக்கினீஸ் நாயைக் குடும்பத்தார் வாங்கினார்கள். ஆயினும் டிசம்பரில் லுன் வீடு திரும்பும்வரை நாட்கள் எண்ணப்பட்டன. இந்த ஆறு மாதம் மற்றவர்களுக்கு ஆறு மாதமாக இருக்கலாம். பிராய்டுக்கு, வியன்னாவிலிருந்து வந்த நாள் முதல் இறந்த நாள்வரை இங்கிலாந்தில் கிடைத்ததே பதினைந்து பதினாறு மாதங்கள்தாம். அவற்றில் ஆறு மாதத்தை இந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. கடைசி நாட்களில் புற்றுநோய்ப் புண்ணின் துர்நாற்றம் தாங்காமல் லுன் அவருடைய கட்டிலை நெருங்க மறுத்து, அறையின் மறு கோடியில் ஒடுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே அவர் படுத்திருந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதையும் படிக்க முடியவில்லை.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு விடுமுறைப் பிரயாணத்துக்கும் ஆகாய விமானம் வந்தது. போக, வர, தங்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்ற புது வழக்கமும் வந்தது. 1950-இல் விளாதிமிர் ரெயிட்ஸ் என்பவர் கோர்ஸிகா தீவுக்கு அழைத்துச் சென்ற உல்லாசப் பிரயாணிகளைத் தொடர்ந்து, சாதாரணத் தொழிலாளிக் குடும்பமும் ஸ்பெயின் தேசத்து வெயிலில் பதினைந்து நாள் காய்ந்துவிட்டு வருவது சகஜமாயிற்று. நாய் வைத்திருந்த குடும்பம் மட்டும் இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டும். கார்ன்வால் கடற்கரைக்கோ வேல்ஸ் மலைகளுக்கோ மழையையும் சகித்துக்கொண்டு நாயோடு போகலாம். அல்லது நாயைப் பணம் கட்டி நாய் விடுதியில் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குப் போகலாம். வீடுகளின் பின்புறத்திலும் பண்ணைகளிலும் பெருகிய இந்த விடுதிகளுக்கு லைசென்ஸ் கட்டாயமென்று 1963-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. விடுமுறைத் தேதியை முடிவு செய்யுமுன் விடுதியில் இடம் இருக்கிறதா என்று விசாரிப்பது அந்தக் குடும்பங்களின் முதற்காரியமாயிற்று. செல்வம் மிகுந்தவர்கள் மூன்றாவது வழியொன்றையும் கண்டார்கள். 1968-இல் நடிகை எலிஸபெத் டெய்லர் லண்டனுக்கு வந்தபோது, தம் நாய்களைக் கரையில் இறக்காமல், தேம்ஸ் நதியில் நங்கூரம் பாய்ச்சிய ஒரு வாடகை உல்லாசக் கப்பலிலேயே வைத்திருந்தார். நிலத்தில் கால் வைக்காத நாய்க்குக் காவல் இல்லை.

அடுத்த வருஷமே காவலின் கெடுவும் போதாது என்று தோன்றும்படி ஒரு சம்பவம் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து, ஆறு மாதத்தைக் கழித்து, கேம்பர்லி என்ற ஊரிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பிய பிரிட்ஸ் என்ற நாய், வெளிவந்த பத்தே நாட்களில் வெறிகொண்டு இரண்டு பேரைக் கடித்தது. சுற்றுக் காடுகளிலிருந்த நரிகளையும் பிற ஜந்துக்களையும் துப்பாக்கியால் சுட்டு அழித்தார்கள். மறு வருஷம் நியூமார்க்கெட்டில், பாகிஸ்தானிலிருந்து வந்த மற்றொரு நாய்க்கு, காவல் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு நோய் கண்டது. விசாரணைக் கமிட்டி அமைந்தது. 1974-இல் சட்டம் மேலும் கடுமையாயிற்று. துறைமுகந்தோறும் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் ஏறின. 1994-இல் கடலுக்கடியில் சுரங்க ரயில் திறந்தபோது, பிரான்ஸிலிருந்து ஒரு நரிகூட நடந்து வந்துவிடாதபடி தடுப்புகள் அமைக்கப்பட்டன.

நரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் முடியாது. இரண்டாம் யுத்தம் மூண்ட காலத்தில் போலந்தின் கீழ்த்திசையில் நரிகளிடையே புகுந்த ரேபிஸ், வருஷத்துக்கு இருபது முதல் அறுபது கிலோமீட்டர் வரை மேற்கு நோக்கி நகர்ந்து, 1968-இல் பிரான்ஸ் எல்லையைத் தொட்டது. நரியைக் கொன்று நோயை நிறுத்தப் பார்த்தார்கள். ஒரு நரி மடிந்த இடத்துக்கு வேறொன்று வந்து நின்றது. அப்பொழுது ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்து விஞ்ஞானிகள் சிலர், கொல்வதை விட்டுவிட்டு ஊட்டுவதை யோசித்தார்கள். கசாப்புக் கடைக் கழிவாகக் கிடைக்கும் கோழித் தலைகளை வாங்கி, ஒவ்வொரு தலையின் தோலுக்கடியிலும் மருந்து நிரப்பிய சிறு பையைச் செருகி, 1978-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ரோன் நதிப் பள்ளத்தாக்கின் காட்டு வழிகளில் அங்கங்கே போட்டுவைத்தார்கள். நரி கோழித் தலையைக் கடித்தது, பை கிழிந்தது, மருந்து வாயில் பட்டது, அந்த நரி தன் காட்டை நோய்க்கு எதிரான வேலியாக நின்று காத்தது. பள்ளத்தாக்கில் ஏறிவந்த நோய் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு தொழிற்சாலையில் செய்த தூண்டில் உருண்டைகளை விமானங்களிலிருந்தும் ஹெலிகாப்டர்களிலிருந்தும் தேசம் தேசமாக இறைத்தார்கள். 1999-இல் ஸ்விட்ஸர்லாந்தும் 2001-இல் பிரான்ஸும் நோயற்ற நாடுகளாயின.

பிரிட்டிஷ் நாய்களுக்கு விடுதலை கிடைத்தது இதனால்தான் என்பது என் திடமான கருத்து. மேல்மட்டத்துப் பிரமுகர்கள் மன்றாடியதும் உண்மைதான். ஹாங்காங்கின் கடைசிக் கவர்னராயிருந்த கிறிஸ் பாட்டன், விஸ்கி, சோடா என்ற தம் இரு டெரியர்களையும் 1997-இல் கொட்டிலுக்கு அனுப்பச் சம்மதியாமல் பிரான்ஸிலே வசிக்கவிட்டது ஊரறிந்த செய்தி. பிரான்ஸில் பிரிட்டிஷ் ஸ்தானீகராயிருந்தவரின் மனைவியான மேரி பிரெட்வெல் அம்மையார் இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தினார். ஆனால் ஐரோப்பாவின் காடுகளில் நரி வெறிபிடித்துத் திரிந்துகொண்டிருந்தால் எந்தக் கவர்னரின் வேண்டுகோளும் எடுபட்டிராது. 1998-இல் பேராசிரியர் இயன் கென்னடியின் தலைமையில் அமைந்த குழு, தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் இருந்தால் கொட்டில் தேவையில்லை என்று கூறியது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 28-இல் புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது.

அந்த ஏற்பாட்டை உற்றுப் பார்த்தால் ஆறு மாதம் உடனே மறைந்துவிடவில்லை என்பது விளங்கும். நாயின் கழுத்துத் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருக்கிறதென்று பரிசோதனைச்சாலை சான்று தர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் இந்த ஆறு மாதத்தை நாய் தன் வீட்டில், தன் விரிப்பில், தன் மனிதர்களின் காலடியில் கழிக்கலாம். ஆகஸ்டில் பிரான்ஸ் போகத் திட்டமிட்டவர்கள் பனிக்காலத்திலேயே ஊசிக்கு நாள் குறித்தார்கள். திரும்பும்போது வேறொரு நியமம்: கப்பல் ஏறுவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து வைத்தியரின் முத்திரை வாங்கியாக வேண்டும். விடுமுறையின் கடைசி நாளில் கலே துறைமுகத்து வைத்தியர் வீட்டு வாசலில், மணல் ஒட்டிய பாதங்களோடு நாய்களும், கையில் காகிதக் கட்டோடு அவற்றின் சொந்தக்காரர்களும் காத்திருப்பது வழக்கமான காட்சியாயிற்று. 2004 முதல் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான நீலநிற நாய்ப் பாஸ்போர்ட் வந்தது. 2012-இல் ரத்தப் பரிசோதனையும் நீங்கி, ஊசி போட்டு 21 நாள் பொறுத்தால் போதும் என்றாயிற்று. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு விலகியபின், 2021 முதல், கிரேட் பிரிட்டனில் வழங்கிய பாஸ்போர்ட்டுகள் செல்லாமற்போய், அங்கே போகும் ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முந்திய பத்து நாட்களுக்குள் புதிதாக ஒரு சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலோ நோய் நரியிடமில்லை, தெருநாயிடம் இருக்கிறது. அதற்கு இன்னும் கோழித் தலை போன்ற எளிய உபாயம் வாய்க்கவில்லை. ஆகையால் சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடிபோகிற தமிழ்க் குடும்பத்தின் நாய்க்குப் பழைய கணக்கு முழுதும் தீர்ந்துவிடவில்லை. சில்லும் ஊசியும் முடிந்து குறைந்தது முப்பது நாளான பிறகு ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச்சாலைக்கு அனுப்பி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து, விமானத்தில் சரக்காகவே ஏற்ற வேண்டும். ஆடி பிறந்ததும் பிரயாணம் என்றால், பங்குனி பிறக்குமுன்பே வைத்தியரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.